ஷாம்பெயின் பரிமாறக் கற்றுக்கொள்வது எப்படி: இராமநாதபுரம் கடலோர இளைஞர்களுக்கு

மண்டபம், கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் போன்ற ஊர்களிலிருந்து உல்லாசக் கப்பல்களுக்கும் நட்சத்திர ஓட்டல்களுக்கும் வேலைக்குச் செல்லும் இளைஞர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். உணவுப் பரிமாறும் பிரிவில் சேர்ந்த எவரும் என்றாவது ஒரு நாள் ஷாம்பெயின் என்ற நுரைக்கும் பிரெஞ்சு ஒயினின் பாட்டிலைக் கையில் எடுத்தாக வேண்டும். அதைத் திறம்படப் பரிமாறுவதற்கு அதைக் குடித்துப் பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை. மது நுழையாத வீடுகளில் வளர்ந்தவர்களும் இந்தத் தொழிலில் நல்ல பெயர் எடுத்திருக்கிறார்கள். ஆனால் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது, அது எப்படி அங்கே வந்தது என்பதை அறிந்திருக்க வேண்டும். திறக்கும் முறையை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு விருந்தினர் முன்னால் கை நடுங்கும். உள்ளே அழுத்தம் சேர்ந்த விதத்தை அறிந்தவருக்கு நடுங்காது. ஆகவே கைவேலைக்கு முன் ஊரையும் வரலாற்றையும் தயாரிப்பையும் படித்துக்கொள்வதே சரியான வரிசை.

முதலில் நிலப்படத்தை எடுத்துப் பாருங்கள். பாரிஸ் நகரத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில், இந்த ஒயினுக்குப் பெயர் தந்த ஷாம்பெயின் வட்டாரம் இருக்கிறது. ரான்ஸ், எபர்னே ஆகிய இரண்டும் அதன் முக்கிய நகரங்கள். நம் கடற்கரை வடக்கு அட்சரேகை 9 டிகிரியில் இருக்க, ரான்ஸ் 49 டிகிரியில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 11 டிகிரி செல்சியஸ் அளவே இருக்கும் அந்தக் குளிரில் திராட்சை பழுப்பதே பெரும்பாடு. இனிப்பு குறைவாகவும் புளிப்பு கூடுதலாகவும் உள்ள நிலையில்தான் அது அறுவடைக்கு வருகிறது. நுரைக்கும் ஒயினுக்கு வேண்டியதும் அந்தப் புளிப்புதான். நிலத்தின் அடியில் சுண்ணப்பாறை தடித்த அடுக்காகக் கிடக்கிறது. மழைநீரைத் தேங்கவிடாமல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, வறண்ட காலத்தில் வேருக்குக் கொடுப்பது அந்தப் பாறையே.

ஏறத்தாழ 34,000 ஹெக்டேர் பரப்பில் பரவியுள்ள தோட்டங்களில் மூன்று திராட்சை வகைகளே பெரும்பகுதியைப் பிடித்திருக்கின்றன. ரான்ஸ் மலைப்பகுதியில் பினோ நுவார் என்ற கறுப்புத் திராட்சையும், மார்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் முனியே என்ற மற்றொரு கறுப்புத் திராட்சையும், எபர்னேக்குத் தெற்கே உள்ள கோத் தெ ப்ளான் சரிவுகளில் ஷார்தொனே என்ற வெள்ளைத் திராட்சையும் மிகுதி. தெற்கே தள்ளியிருக்கும் கோத் தெ பார் பகுதியில் மீண்டும் பினோ நுவார் கோலோச்சுகிறது. இந்த நான்கு பகுதிகளையும் மூன்று திராட்சைகளையும் சொல்லத் தெரிந்தால், விருந்தினர் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை சொல்லிவிடலாம்.

ஷாம்பெயின் என்ற பெயரை அந்த வட்டாரத்துக்கு வெளியே செய்த ஒயினுக்கு இடக்கூடாது என்பதைப் பணியாளர் ஒருபோதும் மறக்கக் கூடாது. பிரான்சிலேயே அல்சாஸ், பர்கண்டி, லுவார் முதலிய வட்டாரங்களில், பாட்டிலுக்குள்ளேயே நுரைக்க வைக்கும் இதே முறையில் செய்யப்படும் ஒயினுக்குக் க்ரெமான் என்றுதான் பெயர். நம் நாட்டில் நாசிக் பகுதியில் இம்முறையில் செய்யப்படும் ஒயினுக்கும் இந்த விதி பொருந்தும். இதன் நியாயம் நம் மாவட்டத்தாருக்கு எளிதில் விளங்கும். இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது; ஷாம்பெயினும் சென்னையில் உள்ள அதே பதிவகத்தில் பதிவாகியிருக்கிறது. வேறு ஊர் வற்றலை நம் ஊர்ப் பெயரில் விற்றால் நமக்கு எப்படி இருக்குமோ, அப்படித்தான் அங்குள்ள விவசாயிகளுக்கும் இருந்தது. வெளியூர்த் திராட்சையை வணிக நிறுவனங்கள் கொண்டுவந்து கலந்ததாலும் விளைச்சலும் விலையும் பொய்த்ததாலும் 1911-இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ஆயி என்ற ஊரில் வணிக நிறுவனங்களின் கட்டடங்கள் தீக்கிரையாயின. 1927-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லையை உறுதியாக வரையறுத்தது.

வரலாற்றில் முதலில் களைய வேண்டியது, தோம் பெரிஞோன் என்ற துறவியே நுரைக்கும் ஒயினைக் கண்டுபிடித்தார் என்ற கதை. அவர் 1668 முதல் 1715-இல் இறக்கும்வரை ஓவிலே மடத்தின் நிலவறைப் பொறுப்பாளராக இருந்தார். பல தோட்டத்துத் திராட்சைகளைச் சேர்த்துச் சமன்செய்யும் கலையில் வல்லவர் அவர். குமிழியையோ அக்காலத்தார் ஒயினுக்கு வந்த கேடாகவே கருதினார்கள். இலையுதிர்காலக் குளிரில் பாதியில் நின்றுபோன நொதித்தல் வசந்தத்தின் வெதுவெதுப்பில் தானாகவே மீண்டும் தொடங்கியதால் வந்த கேடு அது. ஒயினில் சர்க்கரை சேர்த்தால் நுரைக்கும் என்பதைக் கிறிஸ்டோபர் மெரெட் என்ற ஆங்கிலேயர் 1662-இலேயே இலண்டன் ராயல் சொசைட்டியின் முன் எடுத்துரைத்தார். நிலக்கரி உலையில் செய்த அவர்கள் நாட்டுப் பாட்டில்கள் அழுத்தத்தைத் தாங்கும் உறுதியோடு இருந்தன. பிரான்சில் ஒயினைப் பாட்டிலில் அடைத்து அனுப்ப 1728-இல் பதினைந்தாம் லூயி மன்னர் அனுமதி அளித்தார். மறு ஆண்டே ருயினார் நிறுவனம் தொடங்கப்பட்டது.

அந்தக் காலத்து நிலவறையில் வேலை பார்த்தவர்களை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பாட்டில் வெடித்தால் அதன் அதிர்ச்சியில் அடுத்தடுத்தவையும் வெடிக்கும். முகத்தைக் காக்க இரும்பு முகமூடி அணிந்தே உள்ளே போவார்கள். எவ்வளவு சர்க்கரைக்கு எவ்வளவு அழுத்தம் வரும் என்று கணக்கிடும் முறையை 1836-இல் ழான் பாப்டிஸ்ட் பிரான்சுவா என்ற மருந்தாளுநர் வகுத்துக் கொடுத்த பிறகே இந்தச் சேதம் குறையத் தொடங்கியது. தக்கையைப் பிடித்து நிறுத்தும் கம்பிக் கூடு 1844-இல் அடோல்ஃப் ழாக்கேசோன் செய்த ஏற்பாடு. ஒவ்வொரு முறை அந்தக் கம்பியைத் தளர்த்தும்போதும் இந்த மனிதர்களின் உழைப்பு நம் விரலடியில் இருக்கிறது.

இனித் தயாரிப்பு. திராட்சையைக் கையால் மட்டுமே பறிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். கொத்துக் கொத்தாகவே மெதுவாகப் பிழிவதால் கறுப்புத் தோலின் நிறம் சாற்றில் இறங்குவதில்லை. கறுப்புத் திராட்சையிலிருந்து வெளிர்நிற ஒயின் கிடைப்பது இதனால்தான். 4,000 கிலோ திராட்சையிலிருந்து 2,550 லிட்டர் சாறு வரைதான் எடுக்கலாம். இந்தச் சாறு முதலில் சாதாரண ஒயினாக நொதிக்கிறது. பிறகு பல தோட்டங்களின் ஒயின்களையும், பல வேளைகளில் முந்தைய ஆண்டுகளின் ஒயின்களையும் சேர்த்துக் கலக்கிறார்கள். நிறுவனத்தின் சுவை ஆண்டுக்காண்டு மாறாமல் இருப்பது இந்தக் கலவையின் திறமையால்தான்; என் கணிப்பில், இத்தொழிலில் மிகக் கடினமான பகுதியும் இதுவே.

அதன்பின் வருவதே ஷாம்பெயினின் உயிர்நாடி. கலந்த ஒயினில் லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துப் பாட்டிலில் ஊற்றி, உலோக மூடியால் இறுக மூடிவிடுகிறார்கள். பனையில் கட்டும் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவாமல் விட்டால், இறங்கும் பதநீர் விடிவதற்குள் புளித்து வெண்ணுரையைக் கக்கிக்கொண்டு நிற்பதை நம் பக்கத்தார் பார்த்திருப்பார்கள். ஈஸ்ட் இனிப்பைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளிவிடுவதே அந்த நுரை. கலயத்தின் வாய் திறந்திருப்பதால் வாயு காற்றோடு போய்விடுகிறது. மூடிய பாட்டிலில் அதற்குப் போக்கிடம் இல்லை, ஒயினிலேயே கரைந்து தங்குகிறது. அப்படிச் சேரும் அழுத்தம் நிலவறைக் குளிரிலேயே வளிமண்டல அழுத்தத்தைப் போல் 5 முதல் 6 மடங்கு வரை இருக்கும். சூடு ஏற ஏற அதுவும் ஏறும். திறக்கும்போது நாம் எடுக்கும் எச்சரிக்கை அனைத்துக்கும் காரணம் இதுதான்.

வேலை முடிந்து இறந்துபோன ஈஸ்ட் பாட்டிலின் அடியில் வண்டலாகப் படிகிறது. அந்த வண்டல் மீதே ஒயின் குறைந்தது 12 மாதங்கள் கிடக்க வேண்டும். மொத்தத்தில் 15 மாதங்கள் கழித்தே விற்பனைக்கு வரலாம். ஆண்டு குறிப்பிட்டு விற்கும் பாட்டிலுக்கு 3 ஆண்டுகள். ரொட்டியையும் வறுத்த பருப்பையும் நினைவூட்டும் மணம் வருவது இந்தக் காத்திருப்பில்தான். ரான்ஸ் நகரின் அடியில் பழங்காலத்தில் சுண்ணப்பாறை வெட்டியெடுத்த குழிகளே இன்று நிலவறைகளாகப் பயன்படுகின்றன. இவற்றையும் சரிவுத் தோட்டங்களையும் 2015-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

வண்டலை வெளியேற்றும் வழியைச் செம்மைப்படுத்தியது, 27 வயதில் கணவரை இழந்து நிறுவனத்தைக் கையில் எடுத்த மதாம் க்ளிக்கோவின் நிலவறை. துளையிட்ட சாய்ந்த பலகையில் பாட்டில்களின் கழுத்தைச் செருகி, வாரக்கணக்கில் ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாகத் திருப்பியும் தலைகீழாகச் சாய்த்தும் வந்தால், வண்டல் முழுவதும் கழுத்துக்கு இறங்கிவிடும். இன்று பெரும்பாலும் இயந்திரங்கள் இதைச் செய்கின்றன. பிறகு கழுத்தை மட்டும் கடுங்குளிர்க் கரைசலில் முக்கி உறைய வைத்து மூடியைத் திறக்கிறார்கள். உள்ளழுத்தமே வண்டல் உறைந்த பனிக்கட்டியை வெளியே தள்ளிவிடும். அதனால் பாட்டிலில் குறைந்துபோன அளவை ஒயினும் சர்க்கரையும் சேர்த்து நிரப்பித் தக்கையும் கம்பியும் இடுகிறார்கள்.

கடைசியில் சேர்த்த அந்தச் சர்க்கரையைத்தான் லேபிள் சொல்கிறது. ப்ரூட் என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவு. எக்ஸ்ட்ரா ப்ரூட் அதிகபட்சம் 6 கிராம். தெமி செக் 32 முதல் 50 கிராம் வரை, இனிப்பானது. எக்ஸ்ட்ரா ட்ரை என்ற பெயரைப் பார்த்து இனிப்பே இல்லாதது என்று புதியவர்கள் எண்ணிவிடுகிறார்கள். அதில் 12 முதல் 17 கிராம் இருப்பதால் ப்ரூட்டைவிட அது இனிப்பு கூடியது. ப்ளாங் தெ ப்ளாங் என்றால் வெள்ளைத் திராட்சை மட்டும், ப்ளாங் தெ நுவார் என்றால் கறுப்புத் திராட்சை மட்டும். ஆண்டு அச்சிடப்படாதிருந்தால் அது பல ஆண்டுகளின் கலவை. குறை என்று பொருளல்ல.

நம் கடற்கரையில் இந்தப் பாட்டிலுக்குப் பெரும்பகை வெயில். சித்திரை வைகாசியில் சமையலறைப் பரணிலோ கார் டிக்கியிலோ ஜன்னல் வெளிச்சத்திலோ வைத்த பாட்டில் சுவை கெடுவதோடு ஆபத்தாகவும் மாறும். குளிரூட்டப்பட்ட இருட்டறையே அதற்கு உகந்தது. பயணத்தில் குலுங்கி வந்த பாட்டிலை அன்றே திறக்காமல் ஒரு நாளாவது அசையாமல் வையுங்கள். பரிமாறும் வெப்பநிலை 8 முதல் 10 டிகிரி. வாளியில் பாதி ஐஸும் பாதித் தண்ணீரும் நிரப்பி அரை மணி நேரம் பாட்டிலை அமிழ்த்தி வைத்தால் போதும். வெறும் ஐஸ் கண்ணாடியை ஆங்காங்கே மட்டுமே தொடுவதால் குளிர்வதற்கு நேரம் பிடிக்கும். உறைபெட்டியில் வைக்கவே கூடாது.

குளிர்ந்த பாட்டிலை வெளியே எடுத்ததும் நம் ஊர் ஈரக்காற்றில் அது வியர்த்து வழியும்; உலர்ந்த துணியால் நன்கு துடைத்த பிறகே திறக்க வேண்டும். மேல்தாளை உரித்துவிட்டு இடது கட்டைவிரலைத் தக்கையின் தலையில் அழுத்தி வையுங்கள். கடைசிவரை அந்த விரல் விலகக் கூடாது. வலது கையால் கம்பி வளையத்தை ஆறு அரைச்சுற்றுத் திருப்பித் தளர்த்துங்கள். கம்பியைக் கழற்ற வேண்டாம், தக்கையோடே இருக்கட்டும். துணியால் தக்கையைப் போர்த்திப் பிடித்து, பாட்டிலை 45 டிகிரி சாய்த்து, வாயை ஆளில்லாத பக்கம் திருப்புங்கள். இப்போது திருக வேண்டியது தக்கையை அன்று. அடிப்பாகத்தைப் பிடித்துப் பாட்டிலைத்தான் மெல்லத் திருக வேண்டும். தக்கை தானே மேலெழும்ப முயலும்போது அதை உள்நோக்கி அழுத்தியபடி, பெருமூச்சுப் போன்ற மெல்லிய ஒலியோடு வாயு வெளியேறும் அளவுக்கு மட்டும் விடுங்கள். பெருஞ்சத்தத்தோடு பறக்கும் தக்கை கண்ணைப் பறித்துவிடக் கூடும். சிந்தும் ஒயினும் வீண்.

கண்ணாடிக் கோப்பையில் சோப்பின் மிச்சமோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் நுரை நிற்காது. நம் பகுதியின் உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெண்தடம் விடும் என்பதால், கடைசி அலசல் நல்ல தண்ணீரில் இருக்கட்டும். அகன்ற வாய்க் கோப்பை குமிழியை விரைவில் இழந்துவிடும். அடி குறுகி நடு அகன்று வாய் ஒடுங்கியதே சிறந்தது. முதலில் சிறிது ஊற்றி நுரை அடங்கியதும் முக்கால் அளவுக்கு மேற்படாமல் நிரப்பினால், 750 மில்லியில் ஆறு பேருக்குப் பரிமாறலாம். உடன் என்ன உண்ணலாம் என்று கேட்டால், உப்பு மட்டும் தடவிப் பொரித்த நகரை மீனையோ கணவாயையோ ப்ரூட்டுடன் தயங்காமல் பரிந்துரையுங்கள். காரக் குழம்போடு வேண்டாம். குமிழி காரத்தை இன்னும் கூர்மையாக்கும். பாட்டிலில் மீதமிருந்தால், அதற்கென உள்ள பிடிமூடியால் இறுக மூடிக் குளிர்பெட்டியில் நேராக நிறுத்தி வைத்து, மறுநாளுக்குள் முடித்துவிடச் சொல்லுங்கள்.