இணையத்தில் ஹீப்ரூ: எழுத்திலிருந்து முதல் ஐந்து வாக்கியம் வரை

ஹீப்ரூ படிக்க ஆசைப்பட்டு ஒரு செயலியைத் திறந்து, வலமிருந்து இடமாகக் கட்டம் கட்டமாக ஏதோ ஓடுவதைப் பார்த்து மிரண்டு மூடி வைத்தவன் நான். எழுத்தே தெரியாமல் நேராக வாக்கியத்தில் குதித்தது என் தப்பு. அந்த வரிசையை மாற்றிக்கொண்டு மறுபடி தொடங்கியபோது எது எது உதவியதோ, அதைத்தான் இங்கே சொல்கிறேன். எல்லாமே இலவசமாகத் தொடங்கக்கூடியவை. ஒன்று மட்டும்: பாடங்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும், ஆனால் நீங்கள் தமிழில் யோசியுங்கள். ஏன் என்று நான்காம் படியில் புரியும்.

படி 1: எந்த ஹீப்ரூ?

பைபிளை மூலத்தில் வாசிக்கவா, இன்றைக்கு இஸ்ரேலில் பேசுவதைப் பேசவா? எழுத்து ஒன்றுதான், அடிப்படைச் சொற்களும் பெரும்பாலும் ஒன்றுதான், ஆனால் வினை காலங்காட்டும் விதம் நிறைய மாறியிருக்கிறது. பல நூற்றாண்டுகளாக வழிபாட்டிலும் ஏட்டிலும் மட்டும் இருந்ததை மறுபடி வீட்டுப் பேச்சாக்க முனைந்தவர்களில் முக்கியமானவர் எலியேசர் பென் யெஹூதா, 1881-இல் எருசலேமுக்குக் குடியேறியவர். நான் இக்கால ஹீப்ரூவில் தொடங்கச் சொல்வேன், கேட்டுப் பழக நிறைய கிடைக்கிறது.

படி 2: எழுத்து, அவசரமே வேண்டாம்

மொத்தம் 22 எழுத்து. அதில் ஐந்து, சொல்லின் கடைசியில் வந்தால் உருவம் மாறும். வீட்டில் தமிழ் பைபிள் இருந்தால் 119-ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள்: ஆலெப், பேத், கிமெல் என்று எட்டெட்டு வசனத்துக்கு ஒரு பெயர் போட்டிருக்கும். அதுதான் அகரவரிசை. 22 எழுத்துக்கும் எட்டு வசனம், ஆக 176.

இந்த எழுத்துகள் எல்லாம் மெய்தான். உயிரொலிக்கு மேலும் கீழும் புள்ளி, கோடு உண்டு, அதற்கு நிக்குத் என்று பெயர். குழந்தைகள் புத்தகத்திலும் கவிதையிலும் போடுவார்கள், செய்தித்தாளில் போட மாட்டார்கள். தமிழில் கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் உருவிவிட்டு கல், கால், கோல், காலை எல்லாமே ‘கல’ என்று நின்றால் எப்படி இருக்கும், அப்படித்தான். சொல் தெரிந்தவருக்கு இடம் பார்த்துப் புரிந்துவிடும், நமக்குத்தான் ஆரம்பத்தில் தலை சுற்றும்.

தாலெத்தும் ரேஷும், பேத்தும் காஃபும், ஹேயும் ஹேத்தும் பார்க்க இரட்டைப் பிள்ளைகள். ஜோடி ஜோடியாக எழுதிப் பழகுங்கள். இரண்டு வாரம் போனாலும் பரவாயில்லை. நோட்டில் உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைக்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம் (இந்தப் பதிவில் வேறு வழியில்லாமல் எழுதுகிறேன்). ஹீப்ரூவில் காளைக்கு ஒரு ‘பர்’, மது அருந்தும் இடத்துக்கு ஒரு ‘பர்’, முதல் எழுத்தின் ஒலி வேறு வேறு, நம் ப-வில் இரண்டும் ஒன்றாகிவிடும்.

போனில் விசைப்பலகை அமைப்புக்குப் போய் ஹீப்ரூவையும் சேர்த்துவிடுங்கள். தட்டத் தட்ட எழுத்து தானாகப் பதியும்.

படி 3: சொல் தேடுவது

இனி டுவோலிங்கோ என்ற மொழி கற்கும் செயலியைத் திறக்கலாம், தினம் பத்து நிமிடம். கூடவே மூன்று தளங்கள். ஃபோர்வோவில் ஒரு சொல்லைத் தாய்மொழிக்காரர் சொல்லிக் கேட்கலாம். டிக்டாவின் நக்தான், புள்ளியில்லாத வாக்கியத்தை ஒட்டினால் புள்ளி போட்டுத் தரும். மூன்றாவது பெஅலிம், எனக்கு மிகவும் பிடித்தது: ஒரு வினையைக் கொடுத்தால் எழுதினான், எழுதினாள், எழுதுவோம் என்று முழு அட்டவணையும் வரும்.

பெஅலிமில் வேரைப் பார்க்கப் பழகுங்கள். க-த-வ என்ற மூன்று மெய்யிலிருந்து கதவ் என்றால் எழுதினான், மிக்தவ் என்றால் கடிதம், க்தோவெத் என்றால் முகவரி. அரபியில் ‘கிதாப்’ தெரிந்தவர்களுக்கு உடனே பொறி தட்டும், இரண்டும் உறவு மொழிகள்.

அகராதியில் சொல் கிடைக்கவில்லையா? பெரும்பாலும் முன்னால் ஒரு எழுத்து ஒட்டியிருக்கும். நாம் பின்னால் போடும் ‘இல்’, ‘உக்கு’, ‘இருந்து’ எல்லாம் அங்கே முன்னால் ஒட்டும். பாயித் வீடு, பபாயித் வீட்டில். இப்படி ஒட்டும் எழுத்து ஏழு. அவற்றை ‘மோஷே வெகாலேவ்’, அதாவது மோசேயும் காலேபும், என்று சேர்த்து மனப்பாடம் செய்வார்கள். அந்த எழுத்தைக் கழற்றிவிட்டுத் தேடுங்கள்.

படி 4: வாக்கியம், தமிழில் யோசித்து

ஆங்கில வழிப் பாடம் இங்கே பக்கம் பக்கமாக விளக்கும். ஹீப்ரூவில் ‘என்னிடம் உள்ளது’ என்பதற்குத் தனி வினை கிடையாது, ‘யேஷ் லி’ என்பார்கள், சொல்லுக்குச் சொல் ‘இருக்கு எனக்கு’. நமக்கு இதில் என்ன விளக்கம் வேண்டிக்கிடக்கிறது? கர் லி, எனக்குக் குளிருது. கோஏவ் லி ஹரோஷ், எனக்குத் தலை வலிக்குது. ‘இது வீடு’ என்பதற்கும் நடுவில் வினை இல்லை, ஸெ பாயித், அவ்வளவுதான்.

சறுக்கும் இடமும் உண்டு. ‘நான் எழுதுகிறேன்’ என்று ஆண் சொன்னால் அனி கொதேவ், பெண் சொன்னால் அனி கொதெவெத். எதிரே இருப்பவர் ஆணா பெண்ணா என்று பார்த்து ‘நீ’யும் மாறும். அடைமொழி பெயருக்குப் பின்னால் வரும், ‘வீடு பெரிய’ என்கிற மாதிரி. அப்புறம் ஹு என்றால் அவன், ஹி என்றால் அவள், மி என்றால் யார். ஆங்கிலம் காதில் விழுந்தே வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்ச நாள் வேடிக்கையாகத்தான் இருக்கும்.

படி 5: கேட்பது

பேச்சு வழக்குக்கு ஸ்ட்ரீட்வைஸ் ஹீப்ரூ என்ற பாட்காஸ்ட், ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு சில நிமிடம் பேசும். பழைய நூல்களுக்கு செஃபாரியா தளம், மூலமும் மொழிபெயர்ப்பும் அருகருகே. மெகோன் மம்ரே தளத்தில் பைபிளை ஒலியாகவே கேட்கலாம். அங்கே 1 இராஜாக்கள் 10:22-இல் சாலொமோனுக்குக் கப்பலில் வந்த மயில்களுக்கு ‘துக்கீம்’ என்று இருக்கும். நம் ‘தோகை’யோடு அறிஞர்கள் பலர் தொடர்புபடுத்திய சொல் அது. இன்றைய ஹீப்ரூவில் துக்கி என்றால் கிளி.

சரி, இந்த வார வேலை: உங்கள் வீட்டில் இருக்கும் ஐந்து பொருளின் பெயரைத் தேடி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் யேஷ் லி போட்டு, ஹீப்ரூ எழுத்திலேயே தட்டி நக்தானில் ஒட்டுங்கள். புள்ளியோடு வருவதைச் சத்தமாக வாசியுங்கள், சந்தேகமான சொல்லை மட்டும் ஃபோர்வோவில் கேட்டுக்கொள்ளுங்கள்.