கிராஃப்ட் பீரை ருசிச்சு மார்க் போடுறது எப்படி: நம்ம மூக்குக்குத் தெரிஞ்ச வார்த்தையிலயே

பெங்களூர்ல வேலைக்கு வந்து செட்டில் ஆன நம்மாளுங்க நிறைய பேர் மாசத்துக்கு ஒரு தடவையாவது ஏதாவது மைக்ரோப்ரூவரிக்கு (அங்கயே சின்ன அளவுல பீர் காய்ச்சி விக்கிற இடம்) போறாங்க, ஆறு சின்ன கிளாஸ் வச்ச சாம்ப்ளர் ட்ரே வருது, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு வாய் குடிச்சிட்டு "இது ஓகே, இது கசக்குது, இது சூப்பர்"னு சொல்லி முடிச்சிடுறாங்க. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் குடிச்சேன். மெனு கார்டுல ஒவ்வொரு பீருக்கு கீழயும் கிரேப்ஃப்ரூட், பைன், லிச்சின்னு எழுதியிருப்பாங்க. கிரேப்ஃப்ரூட் நான் சாப்பிட்டதே இல்ல, பைன் மரம் கொடைக்கானல்ல பாத்ததோட சரி. அதனால அந்த வாசனை எனக்கு வரலன்னா என் மூக்குலதான் ஏதோ குறைன்னு நினைச்சிட்டு இருந்தேன். ஒரு நாள் ஒரு ஐபிஏவை (இந்தியா பேல் ஏல், கசப்பு தூக்கலான ஒரு பீர் வகை) மோந்து பாக்கும்போது, அம்மா ஊறுகாய்க்கு நார்த்தங்காய் நறுக்கும்போது வீடு முழுக்க வருமே அந்த வாசனை அப்படியே வந்துச்சு, அதையே ஃபோன்ல எழுதி வச்சேன். அங்கதான் எனக்கு எல்லாம் புரிய ஆரம்பிச்சது. ருசி பாக்குறதுன்னா நமக்கு ஏற்கனவே தெரிஞ்ச வாசனையை கிளாஸுக்குள்ள தேடுறதுதான், அதை மெனு கார்டுல இருக்கிற வார்த்தையில சொல்லணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல.

முதல்ல கொஞ்சம் தயாரிப்பு வேணும். காரமா பிரியாணி சாப்பிட்டுட்டோ சிகரெட் பிடிச்சிட்டோ உக்காந்தா ஒண்ணும் தெரியாது, அன்னைக்கு சென்ட் அடிக்காதீங்க, பக்கத்துல உக்கார்றவங்ககிட்டயும் சொல்லி வைங்க. சளி பிடிச்சிருந்தா அன்னைக்கு மார்க் போடவே வேணாம். ஒரு தடவைக்கு நாலு, மிஞ்சிப் போனா ஆறு பீர், ஒவ்வொண்ணும் 100 மில்லி போதும், அதுக்கு மேல போனா நாக்கும் சரி தலையும் சரி நியாயமா தீர்ப்பு சொல்லாது. நடுநடுவுல தண்ணியும் வெறும் பிரெட்டும். வரிசை ரொம்ப முக்கியம், லைட்டானதுல ஆரம்பிச்சு கனமானதுல முடிங்க, அதாவது லேகர் (குளிர்ல மெதுவா புளிக்க வைக்கிறது), வீட் பீர் (கோதுமை பீர்) முதல்ல, அப்புறம் பேல் ஏல் (ஏல்னா லேகரை விடக் கொஞ்சம் சூட்டுல புளிக்க வைக்கிறது), அப்புறம் ஐபிஏ, கறுப்பா இருக்கிற ஸ்டவுட் கடைசில. ஐபிஏவை முதல்ல குடிச்சிட்டா அந்தக் கசப்பு நாக்குல உக்காந்துக்கும், அடுத்து வர்ற பில்ஸ்னர் (லேகர்ல ஒரு வகை) பாவம் தண்ணி மாதிரி தெரியும்.

அடுத்தது சில்லுன்னு குடிக்கிற பழக்கம். பீர்னாலே ஐஸ் மாதிரி இருக்கணும்னு நமக்குப் பழகிப்போச்சு, ஆனா 2, 3 டிகிரில இருக்கிற பீர்ல வாசனை மேல எழும்பாது, நாக்கும் மரத்துப்போயிரும். லேகருக்கு 5ல இருந்து 7 டிகிரி, ஏல் வகைகளுக்கு 8ல இருந்து 12, கனமான ஸ்டவுட்டுக்கு அதுக்கும் கொஞ்சம் மேல இருந்தாலும் நல்லது. தெர்மாமீட்டர் எல்லாம் தேவையில்ல, கிளாஸ் வந்தவுடனே ஒரு தடவை மோந்து பாருங்க, ரெண்டு உள்ளங்கையாலயும் கிளாஸை அணைச்சுப் பிடிச்சு அஞ்சு நிமிஷம் பேசிட்டு இருங்க, திரும்ப மோந்து பாருங்க, வித்தியாசம் நல்லாவே தெரியும்.

இப்ப கிளாஸைப் பாருங்க. கிளாஸ் உள்பக்கச் சுவர்ல குமிழி கொத்துக்கொத்தா ஒட்டிக்கிட்டு இருந்தா கிளாஸ் சரியா கழுவலன்னு அர்த்தம், எண்ணெய்ப்பிசுக்கோ சோப்போ இருக்கு, வேற கிளாஸ் கேளுங்க, தயங்கவே வேணாம். நுரை நிக்கிறது மால்ட்ல (முளைக்க வச்சு உலர்த்தின பார்லி மாதிரி தானியம்) இருக்கிற புரதமும் ஹாப்ஸோட (பீர்ல கசப்புக்கும் வாசனைக்கும் போடுற ஒரு கொடியோட பூ) கசப்புப் பொருளும் சேர்ந்துதான், எண்ணெய் பட்டா செத்துரும். கடலை மசாலா சாப்பிட்ட வாயோட குடிச்சிட்டு "நுரையே நிக்கல"ன்னு மார்க் குறைக்கிறது அநியாயம். கலங்கலா இருந்தா குறைன்னு எடுத்துக்காதீங்க, ஹெஃபெவைசன்னு ஒரு கோதுமை பீர் இருக்கு, அதுல ஹெஃபென்னா ஜெர்மன்ல ஈஸ்ட்டுன்னுதான் அர்த்தம், அது கலங்கலாத்தான் இருக்கணும், பில்ஸ்னர் கலங்கலா வந்தாதான் கேள்வி. இன்னொண்ணு, கறுப்பா இருக்கிற பீர்தான் ஸ்ட்ராங்குன்னு ஒரு நம்பிக்கை இருக்கு. கின்னஸ் டிராஃப்ட் 4.2 சதவீதம்தான், பெல்ஜியத்துல இருந்து வர்ற டூவெல் பொன்னிறமா இருக்கும், அது 8.5. கலர் மால்ட்டை எவ்வளவு வறுத்தாங்கங்கிறதைத்தான் சொல்லும், போதையைச் சொல்லாது.

மோந்து பாக்குறதுக்கு அவசரமே படாதீங்க, எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்ச இடம். கிளாஸ் வாயை உள்ளங்கையால மூடி லேசா ஒரு சுத்து சுத்துங்க, கையை எடுத்தவுடனே சின்னச்சின்னதா ரெண்டு மூணு இழுப்பு. ஆழமா ஒரே இழுப்பா இழுத்தா மூக்கு சீக்கிரம் களைச்சிடும். வாசனை தெரியாமப் போனா உங்க முழங்கையை மடக்கி உங்க தோல் வாசனையை ஒரு தடவை மோந்துட்டு திரும்ப வாங்க, மூக்கு பழையபடி வேலை செய்யும். முதல்ல தோணுற வார்த்தையை உடனே எழுதுங்க, அது "ஸ்கூல் பேக் திறந்தா வர்ற வாசனை"ன்னு இருந்தாலும் பரவால்ல.

அப்புறம் குடிங்க. ஒரு நல்ல வாய், நாக்கு முழுக்க படுற மாதிரி ஒரு ரெண்டு செகண்ட் வச்சிருந்து முழுங்கிட்டு, வாயை மூடி மூக்கு வழியா மூச்சை வெளிய விடுங்க. நாம "ருசி"ன்னு சொல்றதுல பெரும்பகுதி அந்த மூச்சுலதான் வருது. ஒயின் டேஸ்டிங்ல பண்ற மாதிரி துப்பாதீங்க, முழுங்கினாத்தான் கடைசில என்ன தங்குதுன்னு தெரியும். நாக்கு நுனில இனிப்பு, பின்னாடி கசப்புன்னு ஸ்கூல் புத்தகத்துல படம் பாத்திருப்போம், அது தப்பு, நாக்குல எல்லா இடத்துலயும் எல்லா ருசியும் தெரியும். முதல் வாய்க்கு மார்க் போடாதீங்க, வாய் பழகுறதுக்கு அது, ரெண்டாவது மூணாவதுதான் கணக்கு.

இந்த இடத்துல தமிழ் தெரிஞ்சவங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கு. நமக்கு அறுசுவைல துவர்ப்புன்னு ஒண்ணு தனியா இருக்கு, சின்ன வயசுல இருந்து நெல்லிக்காய், வாழைப்பூ, கடுக்காய்னு வாய்ல போட்டுப் பழகியிருக்கோம். பீர்ல கசப்பு வேற துவர்ப்பு வேற. கசப்பு ஹாப்ஸ்ல இருந்து வருது, அது வேணும்னு போடுறது. துவர்ப்பு பெரும்பாலும் தானியத்தோட உமியில இருந்து வர்ற டானின், மால்ட்டை ரொம்ப சூடான தண்ணில அலசினா இறங்கிரும், டீத்தூளை ரொம்ப நேரம் கொதிக்கவிட்டா வருமே அதே மாதிரி வாயை இழுத்துப் பிடிக்கும். நிறைய பேர் ரெண்டையும் சேத்து "கசக்குது"ன்னு சொல்லிடுறாங்க, நீங்க பிரிச்சு எழுதுங்க. கசப்புலயும் பாகற்காய் மாதிரி நிக்குற கசப்பா, சுண்டைக்காய் வத்தல் மாதிரி வந்துட்டு சாதத்தோட போயிடுற கசப்பான்னு பாருங்க. கசப்பைக் காசு குடுத்து வாங்கி வத்தக்குழம்பு வைக்கிற ஊருக்காரங்க நாம, ஐபிஏவைப் பாத்து பயப்பட ஒரு காரணமும் இல்ல.

சரி, ஸ்டைலுக்கு வருவோம், ஏன்னா ஒரு பீரை அதோட ஸ்டைலை வச்சுத்தான் எடை போடணும். இட்லி ஏன் மொறுமொறுன்னு இல்லன்னு யாரும் கேக்க மாட்டாங்க இல்லையா.

ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் எப்பவும் சொல்றது ஹெஃபெவைசன், ஜெர்மனில பவேரியா பக்கத்து பீர், மால்ட்ல பாதிக்கு மேல கோதுமை. நல்லா பழுத்த வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும், ரெண்டுமே வெளிய இருந்து போட்டது கிடையாது, அந்த ஈஸ்ட்டே உண்டாக்குறது. வாழைப்பழ வாசனைக்குக் காரணம் ஐசோஅமைல் அசிடேட், நிஜ வாழைப்பழத்துலயும் இருக்கிற அதே பொருள்தான். பழமும் கிராம்பும் சரிசமமா இருக்கான்னு பாருங்க, பழம் மட்டும் தூக்கலா இருந்தா மிட்டாய் மாதிரி ஆயிடும். விட்பியர் இதுக்குப் பக்கத்து வீடு மாதிரி, ஆனா பெல்ஜியம், அதுல நிஜமாவே ஆரஞ்சுத் தோலும் மல்லி விதையும் போடுவாங்க. ஹோகார்டன் ஊர்ல இந்த வகையே அழிஞ்சு போயிருந்ததை பியர் செலிஸ்ங்கிறவர் 1966ல திரும்ப காய்ச்ச ஆரம்பிச்சார். பச்சை மல்லி விதையை நசுக்கினா வர்ற லேசான எலுமிச்சை வாசனை வரணும், சாம்பார் பொடி வாசனை வந்தா அளவு தாண்டிடுச்சு.

பில்ஸ்னரை நம்மாளுங்க ரொம்ப சாதாரணமா நினைக்கிறாங்க, மஞ்சளா இருக்கிற எல்லா பீரும் ஒண்ணுதான்னு. 1842ல செக் நாட்டு பில்சன் ஊர்ல ஜோசப் க்ரோல்ங்கிறவர் காய்ச்சினதுல ஆரம்பிச்சது அது, அப்பத்தான் சுட்ட பிரெட் மாதிரி ஒரு வாசனை, சாட்ஸ் ஹாப்ஸோட பூவும் பச்சிலையும் கலந்த வாசனை, சுத்தமான கசப்பு. இதுல தப்பு பண்ணா மறைக்க இடமே இல்ல, அதனால ஒரு புது இடத்தோட தரம் தெரியணும்னா நான் முதல்ல பில்ஸ்னரோ ஹெலஸோ (ஜெர்மனியோட வெளிர் நிற லேகர்) தான் கேப்பேன்.

ஐபிஏல இந்தியாங்கிற பேரு, இங்கிலாந்துல இருந்து இந்தியாவுக்குக் கப்பல்ல அனுப்புன, ஹாப்ஸ் தூக்கலா போட்ட பேல் ஏல்ல இருந்து வந்தது. இன்னைக்கு நமக்குக் கிடைக்கிறது பெரும்பாலும் அமெரிக்க பாணி, காஸ்கேட் ஹாப்ஸ்னா நார்த்தங்காய், பம்ப்ளிமாஸ் தோல், சிட்ரா ஹாப்ஸ்னா மாம்பழம், எலுமிச்சை. ஹாப்ஸ் வாசனை சீக்கிரம் மங்கிடும், அதனால பாட்டில்னா பேக் பண்ண தேதியைப் பாத்து வாங்குங்க, ஆறு மாசம் பழைய ஐபிஏக்கு மார்க் போடுறதுல அர்த்தமே இல்ல. ஸ்டவுட்டுக்கு நமக்கு யாரும் சொல்லிக்குடுக்க வேணாம், டிகாஷன் தெரிஞ்ச ஊரு. வறுத்த பார்லிதான் அந்த வாசனைக்குக் காரணம். முதல் டிகாஷன் மாதிரி வாசனையா இருக்கா, இல்ல கருகின காபிக்கொட்டை மாதிரி தொண்டையைப் பிடிக்குதான்னு மட்டும் பாருங்க.

கோசேன்னு ஒண்ணு இருக்கு, ஜெர்மனில லைப்சிக் ஊரோட சேத்துப் பேசப்படுறது. புளிப்பு, உப்பு, மல்லி விதை. முதல் தடவை குடிச்சப்ப என் ஃப்ரெண்டு "இது கெட்டுப்போன பீரு"ன்னு தள்ளி வச்சிட்டான், நான் கண்ணை மூடிக் குடிச்சேன், சித்திரை மாசம் கோயில் வாசல்ல ஊத்துற நீர்மோர்தான் ஞாபகம் வந்துச்சு. அது ஒண்ணும் தற்செயல் இல்ல, தயிரைப் புளிக்க வைக்கிற லாக்டிக் அமிலம்தான் இதையும் புளிக்க வைக்குது.

குறைகளையும் தெரிஞ்சு வச்சுக்கணும். தியேட்டர் பாப்கார்ன் வெண்ணெய் வாசனைன்னா டைஅசிடைல், ஈஸ்ட் வேலையை முடிக்கிறதுக்கு முன்னாடியே அவசரப்பட்டு எடுத்துட்டாங்க, இல்லன்னா டேப் லைன் (பீர் வர்ற குழாய்) சுத்தமில்ல. செக் லேகர்ல லேசா இருந்தா ஒத்துக்கலாம், ஹெலஸ்ல கூடாது. வேகவச்ச மக்காச்சோளம்னா டிஎம்எஸ்ங்கிற (டைமெத்தில் சல்ஃபைடு) கந்தகப் பொருள், பச்சை ஆப்பிள்னா அசிட்டால்டிஹைட், மழைல நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசனைன்னா காத்துப் பட்டு பழசாயிடுச்சு. பச்சை பாட்டில் பீரை வெயில்ல வச்சா ஹாப்ஸ்ல இருக்கிற பொருள் மாறி ஒரு கந்தக நாத்தம் அடிக்கும், பழுப்பு பாட்டில் அதுக்காகத்தான். ஒரு இடத்துல எனக்கு ஹெலஸ்ல வெண்ணெய் வாசனை தூக்கலா வந்துச்சு, சொன்னேன், "அந்த ஸ்டைலே அப்படித்தான் சார்"னு சொல்லிட்டாங்க. அது எனக்கு ரொம்ப வருத்தமா இருந்துச்சு, ஏன்னா பக்கத்து டேபிள்ல முதல் தடவை ஹெலஸ் குடிக்கிறவங்க அதுதான் ஹெலஸ்னு நம்பிட்டுப் போவாங்க.

மார்க்குக்கு நான் பயன்படுத்துறது பிஜேசிபி (பீர் போட்டி ஜட்ஜுங்களுக்கு பரீட்சை வச்சு சான்று குடுக்கிற அமைப்பு) ஜட்ஜுங்க வச்சிருக்கிற 50 மார்க் முறை: வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, ருசிக்கு 20, வாய்ல இருக்கிற உணர்வுக்கு 5, மொத்தத்துல எப்படிங்கிறதுக்கு 10. தோற்றத்துக்கு வெறும் 3தான்ங்கிறதை கவனிங்க, ஃபோட்டோக்கு அழகா இருக்கிற பீருக்கு நாம எவ்வளவு ஏமாறுறோம்னு அதுல தெரியும். 38க்கு மேல வந்தா அருமையான பீர், 45 தாண்டுறது அபூர்வம், 21க்குக் கீழ போனா ஏதோ கோளாறு இருக்கு. இந்த மார்க் ஸ்டைலுக்கு. பக்கத்துலயே 5க்கு எவ்வளவுன்னு உங்க விருப்பத்துக்கு தனியா ஒரு மார்க் எழுதுங்க, ரெண்டையும் கலக்காதீங்க. ஒரு கோசேக்கு நான் 40 போட்டிருக்கேன், விருப்பம் 5க்கு 3. அது சரியா செஞ்ச பீர், எனக்கு ரெண்டாவது கிளாஸ் வேணாம், அவ்வளவுதான்.

உங்க நாக்கை நீங்களே சோதிக்கணும்னா ஃப்ரெண்டை விட்டு மூணு கிளாஸ் ஊத்தச் சொல்லுங்க, ரெண்டுல ஒரே பீர், ஒண்ணுல வேற, லேபிள் பாக்காம வேறயா இருக்கிறதைக் கண்டுபிடிங்க. பக்கத்துப் பக்கத்து ரெண்டு பேல் ஏலை வச்சு பண்ணிப் பாத்தா எவ்வளவு கஷ்டம்னு தெரியும். எழுதி முடிக்கிற வரைக்கும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லாதீங்க, ஒருத்தர் "வாழைப்பழம்"னு சொல்லிட்டா டேபிள்ல எல்லாருக்கும் வாழைப்பழம்தான் வரும்.

என் நோட்ல இருந்து ஒண்ணு அப்படியே போடுறேன், ஒரு ஹெஃபெவைசன்: "கலங்கல், வெளிர் மஞ்சள், நுரை மூணு விரல், நல்லா நிக்குது, 3. வாசனை நல்லா கனிஞ்ச ரஸ்தாளி, பின்னாடி பிரியாணிக் கிராம்பு, அஞ்சு நிமிஷம் கழிச்சு சப்பாத்தி மாவு, 10. ருசில பழம் குறைஞ்சு கோதுமை தூக்கல், கசப்பு கொஞ்சம்தான், கடைசில லேசா துவர்ப்பு, நெல்லிக்காய் கடிச்ச மாதிரி, 14. வாய்ல நிறைவா இருக்கு, கேஸ் சரியா இருக்கு, 4. மொத்தத்துக்கு 7. ஆக 38. விருப்பம் 4. துவர்ப்பு இல்லன்னா 42 போட்டிருப்பேன்." அதே இடத்துல ரெண்டு மாசம் கழிச்சு அடுத்த பேட்ச் குடிச்சப்ப அந்தத் துவர்ப்பு இல்ல. நோட் எழுதலன்னா அந்த வித்தியாசம் எனக்குத் தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது. போகும்போது வண்டி எடுத்துட்டுப் போகாதீங்க, ஆட்டோவோ கேபோ போட்டுக்கோங்க.