சிவப்பு எதுவரை ஏறியிருக்கிறது? கோடு போட்டுப் பாருங்கள்

அறுவை சிகிச்சை வார்டில் செவிலியராக இருக்கிறேன். மழைக்காலத்தில் சேற்றுப்புண்ணில் ஆரம்பித்து கெண்டைக்கால் முழுக்கச் சிவந்து வீங்கி, செல்லுலைட்டிஸ் என்ற தோலடித் தொற்றோடு வருபவர்களிடம், "நேற்று சிவப்பு எதுவரைக்கும் இருந்தது?" என்று கேட்டால் பதில் வராது. மருத்துவருக்கோ அதுதான் தெரிய வேண்டும்.

அதனால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன் சிவப்பின் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் மணியும் எழுதுங்கள். கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடு முடிகிற இடம்தான் எல்லை. மஞ்சள் பற்று போட்டுக்கொண்டு மட்டும் வராதீர்கள், அடியில் ஒன்றும் தெரியாது.

சீழ்க்கட்டிக்கு இவ்வளவு பாடு கிடையாது. அதைப் பெரும்பாலும் உண்டாக்கும் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி, கோயாகுலேஸ் என்ற புரதத்தால் ஃபைப்ரினை (இரத்தம் உறையும்போது உண்டாகும் நார்) உறையவைத்துத் தன்னைச் சுற்றி மதில் கட்டிக்கொள்ளும். சீழ் பெரும்பாலும் ஓரிடத்தில் நிற்கும். ஆனால் இந்தப் பரவும் சிவப்பைப் பல நேரம் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ் மதிலை இடிக்கிற ஜாதி. அதன் ஹயலுரோனிடேஸ் என்ற நொதி, திசுக்களுக்கு நடுவே உள்ள பசையைக் கரைக்கும். கிருமியை அடைக்க உடம்பு போடும் ஃபைப்ரின் வலையை, அது சுரக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் கரைய வைக்கும். மாரடைப்புக்கு 15 லட்சம் யூனிட் டிரிப்பில் ஏற்றுகிறோமே, அதே வகைச் சரக்குதான்! வெள்ளையணுக்கள் வீசும் டி.என்.ஏ. வலையை அறுக்க இன்னொரு நொதி. அவை விழுங்க வந்தால் தப்பிக்க, கிருமியின் மேற்பரப்பில் எம் புரதம்.

காலில் சிவப்புக் கோடு மேலே ஓடி, தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தால் நிணநீர்க் குழாய்க்குள் நுழைந்துவிட்டது என்று அர்த்தம். எண்ணெய் போட்டு நீவ வேண்டாம். காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள்.

மருந்து ஆரம்பித்த முதல் நாள் சிவப்பு கோட்டைக் கொஞ்சம் தாண்டலாம். காய்ச்சலும் வலியும் குறைந்தால் பயமில்லை. இரண்டு நாளாகியும் ஏறிக்கொண்டே போனால் மறுபடி காட்டுங்கள். ஆனால் பார்ப்பதற்குச் சிறிதாக இருந்தும் வலி தாங்க முடியவில்லை, தோல் ஊதாவாகிறது, நீர்க்கொப்புளம் வருகிறது, ஆள் குழம்பிப் பேசுகிறார் என்றால் கோடெல்லாம் வேண்டாம், உடனே 108. அது தசையைச் சுற்றிய உறை அழுகும் நோயாக இருக்கலாம், மணிக்கணக்கில் பரவும்.

சரி, வீக்கம் வடிந்தபின்? விரலிடுக்கைத் தினமும் ஈரம் போகத் துடைத்து, மருத்துவர் தரும் பூஞ்சைக் களிம்பை விடாமல் போடுங்கள். கிருமி உள்ளே வந்த வழி அந்த வெடிப்புதான். சர்க்கரை உள்ளவர்கள் அதை ஆறவிடாமல் வைத்திருந்தால் அடுத்த மழைக்கும் எங்கள் வார்டுதான்.