குதிரைக்கு இருமலா? ஊசிக்கு முன்னால் வைக்கோலைப் பாருங்கள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் சென்னையில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் கல்யாண சாரட்டுக்குக் குதிரை வைத்திருப்பவர்களுக்கு வைக்கோல்தான் பெரிய தலைவலி. கொட்டகை ஒழுகி அடிக்கட்டு கறுத்துப்போகும். காசு போட்டு வாங்கியதாயிற்றே என்று வெயிலில் உலர்த்திப் போடுகிறார்கள். முதல் தவறு இதுதான். உலர்த்தினால் ஈரம் போகும், பூஞ்சை வித்து போகாது. அதைக் குதிரையின் மூக்குக்கு நேரே உதறுவது இன்னும் மோசம். உதறுகிறவர் நெஞ்சுக்கும் கேடுதான். நல்ல வைக்கோலையும் நனைத்துப் போடுங்கள். நனைத்ததை அன்றன்றே தீர்த்துவிடுங்கள்.

அடுத்தது, பூசண வைக்கோல் தின்று இருமினாலே நுரையீரலில் பூஞ்சை பிடித்துவிட்டது என்று முடிவுகட்டுவது. பெரும்பாலும் அது ஒவ்வாமை, குதிரை ஆஸ்துமா. தூசி போனாலே பாதி குறையும். அஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சை திடமான குதிரையின் நுரையீரலில் வேர்விடுவது அபூர்வம். எதிர்ப்புச் சக்தி விழுந்த உடம்பில்தான் அதற்கு இடம். முக்கியமாக, கடுமையான கழிச்சலுக்குப் பிறகு. புண்ணான குடல் வழியே ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போய்விடும். அப்போது இருமலே இல்லாமலும் இருக்கலாம். அதனால் கழிச்சல் நின்றதும் கவனத்தை விட்டுவிடக் கூடாது. ஓய்வாக நிற்கும்போது விலாவைப் பார்த்து மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 8 முதல் 16 வரை சரி. அதற்கு மேல் ஓடி, காய்ச்சலும் 101.5 டிகிரியைத் தாண்டினால் காத்திருக்காதீர்கள்.

எனக்குப் பொறுக்காத தவறு, தெரிந்தவரைக் கூப்பிட்டு ஸ்டீராய்டு ஊசி போடுவது. ஆஸ்துமா என்றால் மூச்சு இளகும், ஊசி போட்டவருக்குப் பெயரும் கிடைக்கும். பூஞ்சை என்றால் மிச்சமிருந்த எதிர்ப்பையும் அதே ஊசி அடக்கிவிடும். ஆன்டிபயாட்டிக் பூஞ்சையைத் தொடாது. மனிதர்களுக்கான கீட்டோகொனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மாத்திரையை வாங்கிக் கொடுத்தாலும் குதிரை உடம்பில் அது சரியாக ஏறாது.

மூச்சுக்குழாயில் உப்புநீர் விட்டு எடுத்த கழுவுநீரில் பூஞ்சை தெரிந்தது என்று ஆய்வக அறிக்கை வந்தாலும் அதை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது. லாயத்தில் நிற்கும் நல்ல குதிரையின் மூச்சுக்குழாயிலும் வித்து இருக்கும். ஸ்கேன், எண்டோஸ்கோபி எல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் மருத்துவர் சொல்வார். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகும்போது இதுவரை போட்ட ஊசி, மருந்துகளின் பெயரைக் கையோடு எடுத்துப்போங்கள்.

மூக்கில் சீழ் ஒழுகினால் பூஞ்சை என்று நினைத்து வெறுங்கையால் துடைக்காதீர்கள். அது கிளாண்டர்ஸ் என்ற பாக்டீரியா நோயாக இருக்கலாம். மனிதருக்கும் தொற்றும், அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய நோய். ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை அந்தக் குதிரைக்குத் தண்ணீர்த் தொட்டி தனியாக இருக்கட்டும். ஊர்வலத்துக்கும் அனுப்ப வேண்டாம்.