சேடிலைத் திருகும் முன்: எலக்ட்ரிக் கிடாரில் சுருதி விலகல்

போன வைகாசியில் காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு தம்பி கிருஷ்ணகிரிக்கு என் வீடு தேடி வந்தான். மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிக்கிறவன். “அண்ணா, டியூனரில் ஆறு கம்பியும் பச்சை காட்டுது. எஃப் கார்டு பிடிச்சா காது கூசுது” என்றான். கார்டு என்றால் பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு. அதற்குள் பிரிட்ஜில் (கிடார் உடம்பில் கம்பிகள் முடியும் இடம்) ஒவ்வொரு கம்பியையும் தாங்கி நிற்கும் ஆறு சேடிலையும் திருகி முடித்திருந்தான். பலரும் அங்கேதான் முதலில் கை வைக்கிறார்கள். சுருதி எந்த ஃபிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) விலகுகிறது என்று பார்த்த பிறகுதான் திருப்புளியை எடுக்க வேண்டும்.

முதலில் புதுக் கம்பி போடுங்கள். வியர்வை பட்டுத் துரு ஏறிய கம்பி எந்த சேடிலுக்கும் அடங்காது. போட்டதும் நன்றாக இழுத்துவிட்டு, மறுபடி சுருதி சேருங்கள். அப்புறம் உங்கள் இடது கை. 9 கேஜ் (0.009 அங்குல) மெல்லிய கம்பியை அழுத்திப் பிடித்தாலே சுருதி ஏறிவிடும். அதனால் வாசிக்கிற மாதிரியே மடியில் வைத்து, வாசிக்கிற அழுத்தத்தில் சோதியுங்கள்.

நெக்கையும், அதாவது கிடாரின் கழுத்தையும் பாருங்கள். நம் ஊர் மே மாத வெயிலில் கச்சேரி வேனுக்குள் பகலெல்லாம் கிடந்த கிடாரின் நெக் அசைந்திருக்கும். வளைவு கூடினால் நடு ஃபிரெட்டுகளில் கம்பி உயரமாக நிற்கும். அழுத்தும்போது அதிகம் இழுபட்டு ஏறும். வளைவைச் சரிசெய்ய நெக்குக்குள் இருக்கும் டிரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருகாதீர்கள்.

இப்போது நட், அதாவது நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் பள்ளத்தில் அமரும் சின்னத் துண்டு. திறந்த கம்பி (எங்கும் அழுத்தாமல் மீட்டுவது) சரி, 12-வது ஃபிரெட்டும் சரி, முதல் மூன்று ஃபிரெட்டுகளில் மட்டும் ஏறி நிற்கிறது என்றால் நட்டில் வெட்டிய பள்ளம் ஆழம் போதவில்லை. 3-வது ஃபிரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு முதல் ஃபிரெட்டைப் பாருங்கள். முடியளவு இடைவெளி போதும். தம்பியின் கிடாரில் ஒரு விசிட்டிங் கார்டே நுழைந்தது. கம்பியின் தடிமனுக்கு ஏற்ற அரத்தால், சுருதி முறுக்கும் ஆணிகள் இருக்கும் ஹெட்ஸ்டாக் பக்கம் சாயும்படி, இரண்டு இழுப்புக்கு ஒருமுறை நிறுத்திப் பார்த்து ராவினேன். ஆழம் மிஞ்சினால் திறந்த கம்பி இரையும். வேறு நட்தான் போட வேண்டும்.

கடைசியில்தான் சேடில். திறந்த கம்பியைச் சரியாகச் சேர்த்துவிட்டு 12-வது ஃபிரெட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் விரலால் தொட்டு மீட்டி, மணி போன்ற ஹார்மோனிக் ஒலியை எடுங்கள். பிறகு அதே ஃபிரெட்டை அழுத்தி வாசியுங்கள். அழுத்தியது ஏறியிருந்தால் சேடிலைப் பின்னே தள்ளுங்கள், கம்பி நீளட்டும். இறங்கியிருந்தால் நட் பக்கம் கொண்டுவாருங்கள். திருகும் முன் கம்பியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஒவ்வொரு தடவையும் திறந்த கம்பியை மறுபடி சேருங்கள். இந்தச் சின்ன வேலையை விட்டுவிட்டுத்தான் பாதிப் பேர் மணிக்கணக்கில் திருகுகிறார்கள். முடிந்ததும் சேடில்கள் ஒரே கோட்டில் நிற்காது. மேலே மெல்லிய கம்பி சுற்றாத ஜி கம்பியின் சேடில் டி-யைவிடப் பின்னே போகும், அது சரிதான்.

தடித்த கம்பியை மேல் ஃபிரெட்டுகளில் வாசிக்கும்போது இரண்டு குரல் மாதிரி அலைந்தால், கம்பிகளுக்கு அடியில் ஒலியை வாங்கும் காந்தமான பிக்கப்பை இறக்குங்கள். காந்தம் கம்பியை இழுக்கிறது.

எல்லாம் செய்த பிறகும் ஈ கார்டில் ஒரு சின்ன உறுத்தல் இருக்கும். கிடாரின் மேஜர் தேர்ட் (ச-வுக்கும் அந்தர காந்தாரத்துக்கும் உள்ள இடைவெளி) சுத்தமான சுருதியைவிட 14 சென்ட் கூடுதல் (சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு); ஃபிரெட் அமைப்பே அப்படி. அந்தக் கார்டு இனிக்கட்டும் என்று, அதில் தேர்ட் ஒலிக்கும் ஜி கம்பியை இறக்கினால், சி கார்டில் அதே கம்பி தாழ்ந்து ஒலிக்கும். தம்பியிடம் இதை இரண்டு கார்டும் வாசித்துக் காட்டித்தான் அனுப்பினேன்.