தாத்தாவின் கதையை எழுதுவது எப்படி: 'போவார்' என்பதிலிருந்து 'போனார்' வரை

தங்கமுனை விருது என்ற இலக்கியப் போட்டிக்கு அனுப்பும் சிறுகதையாக இருந்தாலும், குடும்பத்துக்குள் அச்சிட்டுக் கொடுக்கும் நினைவுக் குறிப்பாக இருந்தாலும், சிங்கப்பூரில் எழுதத் தொடங்கும் பலர் முதலில் கையில் எடுப்பது தாத்தாவையோ பாட்டியையோதான். அந்த வரைவுகளில் பெரும்பாலானவை மூன்றாம் பக்கத்தோடு நின்றுவிடுகின்றன. எழுதியவருக்கே அலுப்புத் தட்டிவிடுகிறது. அது ஏன், அங்கிருந்து எப்படி நகர்வது என்பதற்குத்தான் இந்தச் செய்முறை. தமிழில் தட்டச்சு செய்வதும் கோப்பைச் சேமிப்பதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் படி: பேச வையுங்கள்

கைப்பேசியில் இருக்கும் ஒலிப்பதிவுச் செயலியே போதும். தொலைக்காட்சி ஓடும் வரவேற்பறை வேண்டாம், அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் கல்மேசையே நல்லது. பேரப்பிள்ளைகளை உடன் வைத்துக்கொள்ளாதீர்கள்; அவர்கள் இருந்தால் பெரியவர்கள் அறிவுரைக்குத் தாவிவிடுவார்கள்.

"உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் மேடைப் பேச்சுதான் கிடைக்கும். பொருள்களைப் பற்றிக் கேளுங்கள். சம்பளப் பணம் முதலில் யார் கைக்குப் போகும்? கதவைப் பூட்டும் வழக்கம் இருந்ததா? விருந்தாளி வந்தால் யார் தரையில் படுத்தார்கள்?

எப்படிக் கேட்பது என்பதற்கு மாதிரி வேண்டுமானால், வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் சேர்த்துவரும் நேர்காணல்கள் இருக்கின்றன. இப்போது அவை தேசிய ஆவணக் காப்பகத்தின் தொகுப்பில் உள்ளன, தமிழ் நேர்காணல்களும் உண்டு. கேட்பவர் எங்கே குறுக்கிடாமல் விட்டுவிடுகிறார் என்பதை மட்டும் கவனியுங்கள்.

பதிவு முழுவதையும் எழுத்தில் பெயர்ப்பது வீண் வேலை என்பது என் கட்சி. குரல் மாறும் இடங்களை மட்டும் குறித்துக்கொண்டால் போதும்.

இரண்டாம் படி: ஒரே ஒரு நாளைப் பிடியுங்கள்

எல்லோரும் இடறுவது இங்கேதான், ஆகவே இங்கே சற்று நேரம் நிற்கிறேன். வழக்கமான ஒரு தொடக்கத்தைப் பாருங்கள்:

"தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தார். தினமும் விடியுமுன் எழுவார். சைக்கிளில் போவார். மாலையில் களைத்து வருவார். எங்களுக்காக மிகவும் கஷ்டப்பட்டார்."

ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் வாசகர் வந்து நிற்பதற்கு இதில் இடமே இல்லை. எழுவார், போவார், வருவார் எல்லாம் பழக்கத்தைச் சொல்லும் வினைகள். ஆயிரம் காலைகளை ஒன்றாகப் போட்டு அரைத்துவிட்டால் எந்தக் காலையின் ருசியும் நாக்கில் நிற்காது. நினைவு இப்படித்தான் நமக்குள் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதால் கையும் இப்படியே எழுதுகிறது.

சிவப்புப் பேனாவை எடுத்து, 'வார்' என்று முடியும் வினைகளையெல்லாம் வட்டமிடுங்கள். பிறகு ஒவ்வொரு வட்டத்திடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: இது நடக்காமல் போன நாள் எது? தினமும் சைக்கிளில் போனவர் எந்தக் காலையில் சைக்கிளைத் தொடவில்லை? அந்த நாளை எழுதுங்கள்.

மேலே உள்ள தாத்தாவுக்கு அப்படி ஒரு நாளை வரலாறே கொடுக்கிறது. 1968 ஜனவரி 16 அன்று, பிரிட்டிஷ் படைகள் சிங்கப்பூரிலிருந்து விரைவில் விலகும் என்று பிரதமர் ஹெரால்டு வில்சன் லண்டன் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். செம்பவாங் தளம் பிரிட்டிஷாருடையது; அதற்குள்ளேயே குடியிருப்பு பெற்றிருந்த ஊழியருக்கு வேலை போனால் வீடும் போய்விடும். இப்போது எழுதிப் பாருங்கள்:

"மறுநாள் தாத்தா சைக்கிளை வெளியே எடுத்தார். சக்கரத்தை அழுத்திப் பார்த்தார். பிறகு அதைச் சுவரோடு சாய்த்துவிட்டு, பாட்டி பணம் வைக்கும் பால்மாவு டின்னைக் கேட்டு வாங்கினார்."

போவார் போய்விட்டது, எடுத்தார் வந்துவிட்டது. டின்னில் எவ்வளவு இருக்கிறது என்று வாசகர் எட்டிப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

பழக்க வினைகளை மொத்தமாகத் துரத்திவிடவும் வேண்டாம். முறிவுக்கு முன்னால் இரண்டு மூன்று வரிகள் இருந்தால்தான் எது முறிந்தது என்று தெரியும். ஒரு பக்கத்துக்கு மேல் போனால் வெட்டுங்கள்.

'கஷ்டப்பட்டார்' என்ற சொல்லை மட்டும் இரக்கம் காட்டாமல் நீக்கிவிடுங்கள். அந்த இடத்தில் ஒரு கணக்கைப் போடுங்கள்: சம்பளம் எத்தனை வெள்ளி, ஊருக்கு அனுப்பியது எவ்வளவு, மளிகைக் கடைப் பாக்கி போக மிஞ்சியது என்ன. கண்ணீர் தேவைப்பட்டால் வாசகரே பார்த்துக்கொள்வார்.

மூன்றாம் படி: தேதியைத் தட்டிப் பாருங்கள்

தேசிய நூலக வாரியத்தின் இணையச் செய்தித்தாள் தொகுப்பில், 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களையும் தேடலாம். பிழை கண்டுபிடிப்பதற்கு மட்டும் இதைப் பயன்படுத்துபவர்கள் பாதிப் பலனை இழக்கிறார்கள். தேதி தெரிந்துவிட்டால் காட்சிக்குத் தேவையான பொருள்கள் தாமாகவே வந்து சேரும். வில்சன் பேசியது பொங்கல் போன கையோடு. ஆகவே அந்தச் சமையலறை மூலையில் மீந்த கரும்பு கிடக்கலாம். லண்டனில் பிற்பகல் என்றால் இங்கே இரவு. செய்தி கேட்டுத் தாத்தாவின் கையிலிருந்து மாலைத் தேநீர் சிந்தியது என்று எழுத முடியாது.

லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையை எழுதுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இப்போதைய சந்தைக் கட்டடம் 1982இல்தான் வந்தது. பழைய சந்தை சிராங்கூன் சாலையின் எதிர்ப்புறத்தில் இருந்தது. 1970இல் பாட்டி மீன் வாங்கிக்கொண்டு எந்தப் பக்கம் நடந்தார் என்பது இதைப் பொறுத்தது.

நான்காம் படி: எந்த வயதிலிருந்து பார்க்கிறீர்கள்?

அன்று வாசற்படியில் உட்கார்ந்திருந்த ஏழு வயதுச் சிறுமிக்குப் 'படை விலகல்' என்பது தெரியாது. பெரியவர்கள் தணிந்த குரலில் பேசியதுதான் தெரியும். ஐம்பது ஆண்டு கழித்து அந்தச் சிறுமிக்கு எல்லாம் தெரியும். இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். நினைவுக் குறிப்பில் இருவரும் பேசலாம், ஆனால் ஒரே வாக்கியத்துக்குள் வேண்டாம்.

இன்னொன்று. இறந்தவரைக் குறை சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். அதனால் நம் தாத்தாக்கள் எல்லோரும் கதைகளில் தெய்வங்களாகிவிடுகிறார்கள். தெய்வத்துக்கு எதுவும் தேவைப்படுவதில்லை, கதையும் நகர்வதில்லை. அவருக்கென்று ஓர் ஆசை, ஒரு கருமித்தனம், ஒரு பிடிவாதமாவது கொடுங்கள். பால்மாவு டின்னிலிருந்து அவர் தனக்காக இரண்டு வெள்ளியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் எனக்கு அவரை இன்னும் பிடிக்கும்.

கருவிகள்: முதல் வரைவு கோடு போட்ட நோட்டில், இரண்டாவது கணினியில் முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் கொண்டு. யூனிகோடில் மட்டும் எழுதுங்கள். பழைய எழுத்துரு கோப்புகள் வேறொரு கணினியில் கட்டம் கட்டமாகத் தெரியும்போது அழுகை வரும்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசும் குடும்பத்தின் உரையாடலை எப்படி எழுதுவது என்று சிலர் கேட்டார்கள். விவரிப்பை எழுத்துத் தமிழில் வைத்துக்கொண்டு, பேச்சில் அந்த ஆளுக்கே உரிய ஓரிரு சொற்களை மட்டும் விடுங்கள். பாட்டி சந்தையைப் 'பசார்' என்றுதான் சொன்னார் என்றால் அது பசார்தான். வரிக்கு வரி கலந்தால் பாட்டி மறைந்து கலப்பு மட்டும் தெரியும்.

கேட்பதற்கு யாரும் உயிரோடு இல்லையே என்றார் ஒருவர். அப்படியானால் இரண்டு வழிகள். சிறுகதை என்று பெயரிட்டு மனம்போல் கட்டலாம். நினைவுக் குறிப்பாகவே வைக்க விரும்பினால், ஊகம் தொடங்கும் இடத்தில் 'இருந்திருக்கலாம்' என்று வெளிப்படையாக எழுதலாம். கரும்பு கிடந்தது என்பதற்கும் கிடந்திருக்கலாம் என்பதற்கும் நடுவில்தான் இந்த இரண்டு வடிவங்களும் பிரிகின்றன.

அத்தை கோபித்துக்கொள்வாரே என்ற கேள்விதான் அதிகம் வந்தது. முதல் வரைவை யாருக்கும் காட்டாதீர்கள். அச்சுக்குப் போகும் முன் அவர் வரும் பக்கங்களை மட்டும் அவரிடம் கொடுங்கள். தகவல் பிழை என்றால் திருத்துங்கள். "குடும்ப விஷயத்தை ஏன் வெளியே சொல்கிறாய்" என்றால், நோட்டையும் கைப்பேசியையும் எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போய் அவர் பக்கத்துக் கதையைக் கேளுங்கள். பெரும்பாலும் அது உங்கள் வரைவில் இருப்பதைவிட நன்றாக இருக்கும்.