கடலூர்ப் பக்கம் புறநகர் ரயில் நிலையம் கட்டுவது எப்படி

வரைபடத்தை விரிக்கும் முன் தெருவுக்குள் இறங்குங்கள். 2015 நவம்பர் மழையிலும், 2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணை கரைபுரண்டபோதும் தண்ணீர் எதுவரை ஏறியது என்பதற்குச் சில வீட்டுச் சுவர்களில் இன்னும் கறை இருக்கும். கறை போயிருந்தால் வீட்டுக்காரரைக் கேளுங்கள், கை வைத்துக் காட்டுவார். அங்கே ஒரு கோடு போட்டு, ஆட்டோ லெவல் என்ற உயரம் அளக்கும் கருவியை வைத்து, தண்டவாளத்தின் மேல்மட்டத்தோடு ஒப்பிட்டு எழுதிக்கொள்ளுங்கள். சிக்னலை இயக்கும் கருவிகள் உள்ள ரிலே அறை, ஜெனரேட்டர், லிஃப்டின் மின்பலகை, டிக்கெட் அறை ஆகிய நான்கின் தரையும் அந்தக் கோட்டுக்குக் குறைந்தது 60 செ.மீ. மேலே அமைய வேண்டும். சுரங்க நடைபாதை வேண்டவே வேண்டாம். இங்கே ஊற்று மட்டம் உயரம், மின்சாரம் போன அன்றுதான் பம்பும் தேவைப்படும். மேம்பாலமும் லிஃப்டும் வைப்பதே சரி.

இடம் பார்க்கும்போது பாதை நேராக இருக்க வேண்டும், சரிவு 400-க்கு 1-ஐத் தாண்டக் கூடாது. வளைவில் நடைமேடை கட்டினால் பெட்டிக்கும் விளிம்புக்கும் நடுவே இடைவெளி விரிந்து, குழந்தையின் கால் சிக்கும். திருப்பாதிரிப்புலியூர் நிலையம் போலப் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் அமைவது பெரிய பலம்.

நிலத்தைப் பொறுத்தவரை, பாகூர், வில்லியனூர் பக்கம் ஒரு வயல் புதுச்சேரி, அடுத்த வயல் தமிழ்நாடு என்று எல்லை பின்னிக் கிடக்கிறது. புல எண் ஒவ்வொன்றும் எந்த அரசின் கணக்கில் இருக்கிறது என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் வேலை பாதியில் இருக்கும்போது இன்னொரு வருவாய்த் துறையின் கதவைத் தட்ட வேண்டியிருக்கும். கழிமுகம், உப்பனாறு ஓரம் என்றால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அனுமதியும் சேர்ந்துகொள்ளும்.

மண் பரிசோதனையில் 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 45 செ.மீ. இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார்கள். முதல் 15 செ.மீ.யை விட்டுவிட்டு மீதி 30-க்கான எண்ணிக்கைதான் கணக்கு. இதை 1.5 மீட்டர் ஆழத்துக்கு ஒருமுறை செய்யுங்கள். கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண்ணும் மணற்கல்லும் ஒரு விதம், கெடிலம் கரையின் மணல் முற்றிலும் வேறு விதம். ஆற்று மணலில் மேம்பாலத்துக்குப் பைல், அதாவது குழி தோண்டி வார்க்கும் ஆழமான கான்கிரீட் தூண், போட்டால் குழியின் பக்கச் சுவர் சரியும். பென்டோனைட் என்ற களிமண் கரைசலைக் குழி நிறைய வைத்திருந்து, டிரெமி என்ற நீளக் குழாயை அடிவரை இறக்கி அதன் வழியாக அடியிலிருந்து கான்கிரீட்டை நிரப்புங்கள். குழாயின் நுனி கான்கிரீட்டுக்குள் 2 மீட்டராவது புதைந்தே இருக்க வேண்டும். அவசரத்தில் மேலே இழுத்துவிட்டால் பைலுக்கு நடுவே சேற்று அடுக்கு விழும், அது வெளியே தெரியவும் செய்யாது. பைல் தலையில் சேறு கலந்த மேல்பகுதியை உடைத்து எடுத்த பிறகே அதன்மேல் அமரும் கான்கிரீட் தொப்பியை வார்க்க வேண்டும்.

இனி நடைமேடை. 12 பெட்டிக்கு, பெட்டி ஏறக்குறைய 21.5 மீட்டர் என்று வைத்தால் 258 வருகிறது. வண்டி முன்பின் நிற்கும் என்பதால் 270 மீட்டர் கட்டுங்கள். உயரம் தண்டவாளத்துக்கு மேல் 760 முதல் 840 மி.மீ. வரை. நாங்கள் சொல்வது 840-க்கு ஒட்டியே கட்டுங்கள் என்பதுதான். காரணம், ஜல்லியை இடித்துப் பாதையைச் சீர்செய்யும் ஒவ்வொரு முறையும் தண்டவாளம் கொஞ்சம் ஏறும், நடைமேடை ஏறாது. பெட்டியின் தளம் ஏற்கெனவே நடைமேடையைவிட ஒரு சாணுக்கும் மேல் உயரத்தில் இருப்பதால், முழங்கால் வலியோடு வரும் பாட்டிக்கு ஒவ்வொரு சென்டிமீட்டரும் கணக்கு.

பாதையின் நடுக்கோட்டிலிருந்து விளிம்புக் கல்லுக்கு 1,670 முதல் 1,680 மி.மீ. முன்பின் போக இடம் 10 மி.மீ. மட்டுமே. மேல்தளம் பாதைக்கு எதிர்ப்புறமாக 60-க்கு 1 சரிய வேண்டும். மழைத்தண்ணீரும் கைவிட்ட சக்கர நாற்காலியும் தண்டவாளத்தை நோக்கி ஓடக் கூடாது. சுவருக்குப் பின்னே மண்ணை 20 செ.மீ. அடுக்காகத் தண்ணீர் தெளித்து இறுக்குங்கள். வடிதுளைக்குப் பின்னால் ஜல்லி வடிகட்டி வைக்காவிட்டால் மணல் துளை வழியே கரைந்து போய், இரண்டு மழைக்காலத்தில் விளிம்போர டைல்ஸ் டொக்கு டொக்கென்று சத்தம் போடும். அப்புறம் உள்வாங்கும்.

படிக்கட்டு அகலத்தை மெட்ரோ கணக்கிலேயே போடுங்கள். நடைமேடை 4 நிமிடத்தில் காலியாக வேண்டும், ஒரு மீட்டர் அகலப் படியில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 55 பேர் போவார்கள். கூட்ட நேரத்தில் 1,200 பேர் என்றால் நிமிடத்துக்கு 300, அதாவது 5.5 மீட்டர் அகலம். இதை இரண்டு படிக்கட்டாகப் பிரித்து, நடைமேடையின் இரு முனைப் பக்கமும் வையுங்கள்.

உப்புக் காற்றுக்கு எம்35 தரக் கான்கிரீட், கம்பியை மூடும் கான்கிரீட் கனம், அதாவது கவர், 50 மி.மீ. அந்த இடைவெளியைக் காக்கும் கவர் பிளாக்குக்குப் பதிலாகச் சல்லிக்கல்லைச் செருகும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரையேறியது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில். அதனால் கூரைத் தகட்டை அமுக்கும் காற்றைவிடத் தூக்கும் காற்றுக்கே போல்ட் கணக்குப் போடுங்கள், ஓர வரிசைகளில் நெருக்கமாக.

ஓடும் பாதை அருகே ஜேசிபி இறங்கும் முன் கையால் சோதனைப் பள்ளம் தோண்டி சிக்னல் கேபிளைக் கண்டுபிடியுங்கள். மேலே 25,000 வோல்ட் கம்பி. 2 மீட்டருக்குள் போவதாக இருந்தால் மின்நிறுத்த அனுமதி எழுத்தில் கையில் இருக்க வேண்டும். தை மாதம் தோண்டத் தொடங்கினால் ஆடிக்குள் அஸ்திவாரம், புரட்டாசிக்குள் கூரை என்று முடித்துவிடலாம்.

திறப்புக்கு முன் விளிம்பின் உயரத்தையும் தூரத்தையும் 270 மீட்டருக்கும் 3 மீட்டர் இடைவெளியில் அளந்து பதிவேட்டில் எழுதுங்கள். பாதையைச் சீர்செய்த ஒவ்வொரு முறையும் அதே புள்ளிகளில் மறுபடி அளக்க வேண்டும். அந்தப் புள்ளிகளை விளிம்புக் கல்லிலேயே வண்ணம் பூசி எண் போட்டு வையுங்கள்.